சித்திரை வெயிலில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டி தேடலாமா?

நாமக்கல் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறார். ஒரு நடை காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி, ஒரு நடை வேதாரண்யம் உப்பு, இடையில் நெல் லோடு. அமெரிக்காவில் ட்ரக் ஓட்டும் அவருடைய பெரியப்பா மகன், கோடையிலும் வழிநெடுக நிறுத்தி நிறுத்தி, ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டை ஆடுகிறாராம்; கண்டுபிடித்த டப்பாக்களைப் படம் எடுத்து அனுப்புகிறாராம். ‘நம்ம டெல்டாவில், அதுவும் கத்திரி வெயிலில், லாரியை வைத்துக்கொண்டு இது நடக்குமா அண்ணே, இல்லை வெட்டி வேலையா?’ என்று கேட்கிறார்.

நடக்கும் தம்பி. ஆனால் உங்கள் அண்ணன் ஆடுகிற மாதிரி நடக்காது. அவர் பெட்டி இருக்கும் இடத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறார். இங்கே வண்டி எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் பெட்டியைத் தேட வேண்டும். இதை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டால், டெல்டாவின் கோடை இந்த ஆட்டத்துக்கு அப்படியொன்றும் மோசமான காலம் இல்லை. நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்கித் தஞ்சாவூரில் லாரி புக்கிங் ஆபீஸ் பார்க்கிறவன். ஓய்வு நேரத்தில் இந்தப் பைத்தியமும் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு டப்பாவை ஏதோ ஓரிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அதுவரை பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிக்குக் கிடைத்த சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர்கூட தள்ளிக் காட்டும். மே முதல் தேதி அதை நிறுத்த உத்தரவு வந்தது. மே 3 அன்று ஒரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரம் வைத்து, இடத்தை இணையத்தில் சொன்னார். அந்த வாளியில் புத்தகம், கவண் இவற்றோடு ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இன்றைக்கு விதிப்படி உணவுப் பொருள் வைக்கவே கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துவிடும்.

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். அமெரிக்காவில் இந்த ஆட்டம் டிரைவர்களுக்காகவே அமைந்தது போல இருக்கும். இன்னும் உயிரோடு இருக்கிற பெட்டிகளிலேயே மிகப் பழையது என்று சொல்லப்படும் ‘மிங்கோ’, கான்சாஸில் 70ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2000 மே மாதமே வைத்தது. நெவாடாவில் ஆளரவமில்லாத ஒரு சாலையில் வரிசையாக ஆயிரத்துக்கும் மேல் வைத்தார்கள். சாலையோரம் ஓய்விடம், அதில் கனரக வண்டிக்குத் தனி நிறுத்தம், கழிவறை எல்லாம் உண்டு. சட்டமும் ஓய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது: நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, 8 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், அதை வண்டியில் உள்ள கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் அவர் டப்பா தேடுகிறார். வெயில் என்றால் ஏசி கேபினுக்குள் ஏறிக்கொள்வார்.

நமக்கும் 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருந்தது; 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் சிரிக்க வேண்டாம். ஏசி கேபினும், 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குத்தான் கட்டாயம். உங்கள் வண்டி பழசு என்றால் இன்ஜின் சூடு காலடியில்தான். அதனால் அங்கே போல வழியில் நிறுத்தி ஆடுவது இங்கே சரிப்படாது.

ஆனால் நம்மிடம் வேறொன்று ஏராளமாக இருக்கிறது: காத்திருப்பு. துறைமுக கேட்டில் வரிசை, உப்பளத்தில் மூட்டை பிடித்து முடியும்வரை காத்திருப்பு, திறந்தவெளிக் கிடங்கில் நெல் ஏற்ற டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பது. ஓடுகிற நேரத்துக்குச் சமமாக நிற்கிற நேரமும் இருக்கிற தொழில் இது. போனில் வீடியோ பார்த்து பேட்டரியைத் தீர்ப்பதற்குப் பதிலாக, நடக்கிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று மேப்பைத் திறந்து பாருங்கள். வரிசை எவ்வளவு நேரம் நகராது என்று அங்கே லோடுமேனைக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார். அதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

மேப்பைத் திறந்ததும் ஏமாற வேண்டாம். அமெரிக்காவில், ஐரோப்பாவில் புள்ளிகள் கொசகொசவென்று இருக்கும். நம் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். இருக்கும் ஒன்றையும் உடனே நம்பிப் புறப்படக் கூடாது. கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்று பதிவுகளைப் படியுங்கள். இரண்டு மூன்று பேர் தொடர்ந்து ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் டப்பா போய்விட்டது என்றே வையுங்கள். கடினத்துக்கு ஒன்று முதல் ஐந்து, நடக்கும் தரைக்கு ஒன்று முதல் ஐந்து என்று நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். லுங்கியும் செருப்புமாக இறங்குகிறவருக்கு இரண்டிலும் இரண்டுக்குள் இருந்தால் போதும்.

இன்னொரு தொழில்நுட்ப விஷயம். புதியவர்கள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இந்த ஆட்டத்தில் இடத்தை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் பின்னம் என்று எழுதுவார்கள். கூகுள் மேப் டிகிரியின் பின்னமாகக் காட்டும். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் அது வடக்கு 10° 46.968, கிழக்கு 079° 07.908 என்று வரும். கூகுளில் 10.7828, 79.1318. முதலில் உள்ளதை அப்படியே 10.46968, 79.07908 என்று கூகுளில் தட்டினால், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தெற்கே தள்ளி, கறம்பக்குடிப் பக்கம் கொண்டுபோய் விடும். சரியான முறை: நிமிடத்தை 60ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டுங்கள். 46.968ஐ 60ஆல் வகுத்தால் 0.7828. அவ்வளவுதான். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் வரை பிசகும், தென்னந்தோப்புக்குள் இன்னும் அதிகம். ஆகவே பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். ‘நான் மறைப்பதாக இருந்தால் எங்கே மறைப்பேன்?’ என்று கேட்டுப் பார்ப்பதுதான் மீதி வேலை.

வெயிலுக்கு வருவோம். அக்னி நட்சத்திரம் மே 4 சுமாருக்குத் தொடங்கி 28 வரை போகும். திருச்சி, தஞ்சாவூர் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் அவை. ஆனால் டெல்டா முழுக்க ஒரே வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் காய்ச்சுகிற வெயில். நாகப்பட்டினம், வேதாரண்யத்தில் புழுக்கம். காற்றில் ஈரம் இருப்பதால் வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. தெர்மாமீட்டரில் மூன்று நான்கு டிகிரி குறைவாக இருந்தாலும் உடம்பு படுகிற பாடு குறையாது. கடலோரத்துக்கு ஒரு சலுகை உண்டு: நடுப்பகல் தாண்டியதும் கடற்காற்று உள்ளே வரும். அதனால் கடலோரத்தில் மாலை நான்கு மணிக்கே இறங்கி நடக்கலாம். தஞ்சாவூர், பட்டுக்கோட்டை உள்பகுதியில் ஐந்தரைக்கு முன்னால் வேண்டாம். காலை என்றால் இரண்டு பக்கமும் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை கோட்டைக்குள்ளேயே பெட்டி இருந்தாலும் எட்டிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது, உப்பும் உடம்பை விட்டுப் போகிறது. ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு டேஷ்போர்டில் கிடக்கட்டும். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பாதியில் பாதி கலக்கிற வேலை வேண்டாம். நீர்மோர், இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் எல்லாம் நல்லது. சாலையோரம் நுங்கும் பதநீரும் கிடைக்கிற மாதங்களும் இவைதான். தலை கிறுகிறுத்து வாந்தி வருகிற மாதிரி இருந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, ஆள் சம்பந்தமில்லாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ அது வேறு. உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108க்குப் போன் பண்ண வேண்டியதுதான்.

உங்களுக்கு முன்னால் போன் மயங்கிவிடும். பெரும்பாலான போன்கள் சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்கும் என்ற கணக்கில் செய்தவை. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்து, ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, சார்ஜும் போட்டால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் தானே அணைந்துவிடும். ஓடும்போது வழி பார்க்க ஒரு போன், தேடலுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இறங்குவதற்குக் கால் மணி முன்பே போனை நிழலில் ஆறவிடுங்கள். ஐஸ் வாட்டர் பாட்டிலோடு ஒட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கட்டும். பவர் பேங்கை வெயிலில் நிற்கும் கேபினில் விட்டுப் போகவே கூடாது. கடலோரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டி. டெல்டாவின் பாதிச் சாலைகள் ஆற்றங்கரை மேலும் வாய்க்கால் கரை மேலும் போகிறவை. பத்துச் சக்கர வண்டி லோடோடு 28.5 டன். அந்த எடையைத் தாங்குவதற்காகப் போட்ட கரைகள் அல்ல அவை. ஓரம் இறங்கினால் கரையோடு சேர்ந்து வண்டியும் வாய்க்காலில். சிறு பாலங்களில் எடை வரம்புப் பலகை இருக்கும். செடி மறைத்திருந்தால் இறங்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ‘இன்னும் இரண்டே கிலோமீட்டர்தான்’ என்று போன் சொல்வதைக் கேட்டு மெயின் ரோட்டை விட்டு இறங்க வேண்டாம். போன் காருக்கு வழி சொல்கிறது, லாரிக்குச் சொல்லவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவதும் ஆகாது. நின்ற லாரியின் பின்னால் மோதிச் செத்தவர்கள் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க், லாரிகள் நிற்கும் ஓட்டல், கிடங்கு வளாகம், புறவழிச்சாலையில் அகலமாக விட்டிருக்கும் இடம்: இவற்றில் நிறுத்திவிட்டு நடங்கள், அல்லது பஸ் ஏறுங்கள். (டயருக்கு அணை கொடுத்த கல்லை நடுரோட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? கிளம்பும்போது எடுத்து ஓரம் போடுங்கள்.) கிளீனர் இருந்தால் வண்டியில் இருக்கட்டும். தனியாக வந்திருந்தால், தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வண்டியை விட்டு நகராதீர்கள். டீசலும் தார்ப்பாயும் போகும்.

டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கோடையில் ஆறெல்லாம் மணல். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி எல்லாவற்றிலும் இறங்கி நடக்கலாம். மதகுக்கு அடியில், படித்துறைக் கல்லிடுக்கில், ரெகுலேட்டர் சுவரோரம் மறைக்க எவ்வளவோ இடம் கண்ணில் படும். கோடையில் வருகிற வெளியூர்க்காரர்கள் அங்கேதான் வைப்பார்கள். ஆனால் மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறந்தால் சில நாளில் கல்லணை, அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால் என்று தண்ணீர் இறங்கிவிடும். அதற்கு முன்பே ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் வேலை என்று ஜேசிபி வாய்க்காலுக்குள் இறங்கும். அது வாரிப் போடும் வண்டலில் டப்பா எது, கல் எது? ஆக, ஆற்றுப் படுகையிலும் வாய்க்கால் கரைச் சரிவிலும் வைத்த பெட்டிக்கு ஒரு கோடைதான் ஆயுசு. முந்தைய கோடையில் வைத்தது, இடையில் யாரும் எடுத்ததாகப் பதிவு இல்லை, இடம் வாய்க்காலுக்குள் என்றால் அங்கே போகவே வேண்டாம். கரைக்கு மேலே, மரத்தடியில், சாலைப் பக்கத்துச் சுவரில் இருப்பவைதான் தேறும்.

இந்தக் காரணத்தால்தான் நான் டெல்டாவில் டப்பாவை விட, டப்பாவே இல்லாத வகைகளைப் பெரிதாக நினைக்கிறேன். எர்த்கேச் என்று ஒன்று உண்டு. அங்கே எதுவும் ஒளித்து வைத்திருக்காது. அந்த இடத்தின் மண், பாறை, ஆறு, கடல் பற்றி ஒரு விளக்கமும் சில கேள்விகளும் இருக்கும். நேரில் பார்த்தால்தான் பதில் தெரியும். பதிலை அமைத்தவருக்கு அனுப்பினால் உங்கள் கணக்கில் ஏறும். விர்ச்சுவல் என்பதும் டப்பா இல்லாததுதான், அதில் நினைவுச்சின்னம், கட்டடம் போன்றவை வரும். வெயிலில் முள்ளுக்குள் கைவிட வேண்டாம், தண்ணீர் வந்து அடித்துப் போகாது, போலீஸுக்குச் சந்தேகம் வராது.

எர்த்கேச்சுக்கு டெல்டா மாதிரி ஊர் கிடையாது. கல்லணையையே பாருங்கள். முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டுவிட்டு, கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இதில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில் சரிந்து நேரே கடலுக்குப் போய்விடும். தஞ்சாவூருக்கு வரவே வராது. அதைத் தடுக்கத்தான் கரிகாலன் பெயரில் சொல்லப்படும் அந்தக் கல் அணை. அடியில் பாறை கிடையாது, ஆழம் தெரியாத மணல். அதன் மேல் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதி வைத்திருக்கிறார். அவர் 1836 வாக்கில் முக்கொம்பிலும் கொள்ளிடத்தின் கீழே அணைக்கரையிலும் அணை கட்டியவர். கோடையில் தண்ணீர் இல்லாதபோதுதான் இரண்டு படுகைக்கும் உள்ள உயர வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நீர் ஓடும் ஆடியில் போனால் கூட்டம்தான் தெரியும். இந்த ஆட்டத்துக்குக் கோடை மோசமில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லணைச் சாலையும் பாலமும் லாரிக்கானவை அல்ல. தஞ்சாவூரில் அன்லோடு ஆக நேரம் இருந்தால், விடிகாலை பஸ்ஸில் போய் வந்துவிடலாம். திருச்சியிலிருந்தும் பஸ் உண்டு.

உங்கள் உப்பு நடைக்கு இன்னும் வசதி. உப்பு விளைவதே கோடையில்தான், ஆகவே நீங்கள் அங்கே நிற்பதும் கோடையில்தான். வேதாரண்யம் உப்பளங்கள் இருக்கும் அகஸ்தியம்பள்ளியிலேயே உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் நடக்கத் தொடங்கி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி அவர் உப்பு அள்ளிக் கைதானார். கவனியுங்கள், அவர்கள் நடந்ததும் இதே சித்திரை வெயிலில்தான். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் உத்தரவு போட்டிருந்தும், வழியில் ஜனங்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். மறைத்து வைத்ததைத் தேடி எடுக்கும் வேலையை நம் ஊரில் முதலில் செய்தவர்கள் அவர்கள்தான் போல. மூட்டை ஏறுவதற்குள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மேப்பில் புள்ளி இல்லாவிட்டாலும் போய் வாருங்கள்.

காரைக்கால் நடை என்றால் வடக்கே தரங்கம்பாடி. டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, அதற்குப் பக்கத்தில் கடலரிப்பில் முன்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. கடல் கரையை எப்படித் தின்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான இடம் வேண்டியதில்லை. தெற்கே ஈசிஆரில் போனால் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியனுக்கும் பட்டுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சிமெண்ட் லோடுக்காக அரியலூர் போனால், சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கும் மண்ணெல்லாம் ஒரு காலத்தில் கடலடி. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள்.

டப்பாதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நெல் வயல் இருக்கும் ஊரில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பு இருக்கும். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் கூட இங்கே உண்டு. கோடையில் அவையும் குளிர்ச்சியான கல்லிடுக்கைத்தான் தேடும். டப்பா மறைப்பவர்களும் அதே இடுக்கைத்தான் தேடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைவிடக் கூடாது. முதலில் குச்சியால் தட்டுங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம் கை. கல்லைப் புரட்டினால் தன் பக்கம் திறக்கிற மாதிரி புரட்டாமல், எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரிப் புரட்டுங்கள். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். காந்தம் வைத்த சின்ன டப்பாக்களைச் சாலையோரத் தடுப்புக் கம்பியிலும் இரும்பு கேட்டிலும் ஒட்டியிருப்பார்கள். அந்த இரும்பை வெயில் நேரத்தில் வெறுங்கையால் தொட்டால் தோல் பொத்துப்போகும். தோளில் துண்டு இருக்கிறதல்லவா, அதைச் சுற்றிக்கொண்டு தொடுங்கள்.

அடுத்தது சந்தேகம். பாலத்துக்கு அடியில், கோயில் மதிலோரம், ரயில் பாதைப் பக்கம் ஒருவன் குனிந்து டப்பாவை எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? நாகப்பட்டினம் முதல் கோடியக்கரை வரை இலங்கை கூப்பிடு தூரம் என்பதால் கடலோரக் காவல் எப்போதும் விழிப்பாகத்தான் இருக்கும். அங்கே இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு திரியாதீர்கள். கோடியக்கரை சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. யாராவது கேட்டால் மறைக்காதீர்கள். போனைத் திறந்து ஆப்பைக் காட்டி, ‘இது ஒரு விளையாட்டு சார், டப்பாவில் நோட்டு இருக்கும், பேர் எழுதுவோம்’ என்று சொல்லுங்கள். டீக்கடையில் முதலில் ஒரு டீ குடித்துவிட்டு, ‘இங்கே ஒரு டப்பா தேடணும் அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டுத் தேடுவது இன்னும் நல்லது. ஒளிந்து ஒளிந்து தேட வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். நம் ஊரில் ஒளிந்தால்தான் பத்துப் பேர் கூடுவார்கள். சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் வெளிநாட்டுக் கருவி எதையும் அண்ணன் அனுப்பி வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே அனுமதியில்லாமல் வைத்திருந்தால் கேஸ். போன் போதும்.

லாரிக்காரருக்கு மட்டுமே வாய்த்த ஒரு பகுதி இந்த ஆட்டத்தில் இருக்கிறது, அதைக் கட்டாயம் செய்து பாருங்கள். டிராவல் பக் என்று எண் பொறித்த ஒரு தகடு வரும். ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு ஊர்ப் பெட்டியில் போட வேண்டும். எத்தனை கிலோமீட்டர் பயணித்தது என்று இணையத்தில் கணக்கு ஏறும். காரில் வருகிறவர் அதைப் பக்கத்து ஊருக்குத்தான் கொண்டுபோவார். நேஷனல் பெர்மிட் வண்டி ஒரே நடையில் தஞ்சாவூரிலிருந்து நாக்பூருக்கோ லூதியானாவுக்கோ கொண்டுபோய்விடும். சாவிக்கொத்தில் மாட்டி வைத்துக்கொள்ளத் தோன்றும். அது உங்களுடையது இல்லை, அடுத்த பெட்டி கிடைத்ததும் இறக்கிவிடுங்கள்.

நீங்களே பெட்டி வைக்க ஆசை வந்தால் வழியில் எங்கேயும் வைக்காதீர்கள். வைத்தவர் அவ்வப்போது போய்ப் பார்த்து, நனைந்த நோட்டை மாற்ற வேண்டும் என்பது விதி. அடுத்த நடை எப்போது என்று தெரியாதவர் வேதாரண்யத்தில் எப்படி அதைச் செய்ய முடியும்? வீட்டுப் பக்கம், அல்லது மாதம் தவறாமல் போய் நிற்கிற லாரி ஷெட்டில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அடுத்த பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், மண்ணில் புதைக்கக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் டப்பா இரண்டு கோடையில் நொறுங்கும். நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் கனமான டப்பா, முடிந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி. மேலே தமிழில் ‘இது ஜியோகேச்சிங் விளையாட்டுப் பெட்டி’ என்று எழுதி ஒட்டுங்கள். பேனாவை விடப் பென்சில் நல்லது. உப்புக் காற்றடிக்கும் இடத்தில் இரும்பு டப்பா ஆகவே ஆகாது. டெல்டாவில்தான் வைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் எர்த்கேச் எழுதி அனுப்புங்கள். அதற்கு நோட்டு மாற்றப் போக வேண்டியதில்லை, வருகிற பதில்களை நாமக்கல்லில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: முதலாளி. இப்போது எல்லா வண்டியிலும் டிராக்கர் இருக்கிறது. வண்டி வழியை விட்டு விலகினாலோ, காரணமில்லாமல் நின்றாலோ ஐந்தாவது நிமிடம் போன் வரும். லோடு வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. எட்டு கிலோமீட்டர் சுற்றினால் இரண்டு லிட்டர் டீசல் உங்கள் கணக்கில் விழும். அதனால் வண்டியைத் திருப்பாதீர்கள், காலைத் திருப்புங்கள். லோடு வரிசையில் நிற்கும்போது ‘ஒரு மணி நேரம் பக்கத்தில் நடந்துவிட்டு வருகிறேன், கிளீனர் வண்டியில் இருக்கிறான்’ என்று முன்பே ஒரு மெசேஜ் போட்டுவிட்டு இறங்குங்கள். அடுத்த நடை காரைக்கால் என்றால் புறப்படும் முன் சொல்லுங்கள், அந்தப் பக்கம் எவையெல்லாம் இன்னும் இருக்கின்றன என்று பதிவுகளைப் பார்த்து அனுப்புகிறேன்.